மாளிகை நிற்கிறது, மன்றம் எங்கே?

இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் கரையில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை ஒட்டி, வெள்ளைக் கல்லால் எழுப்பிய மாளிகை ஒன்று உண்டு. கவுண்டி ஹால் என்பது அதன் பெயர். அங்கே 2017ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ஒரு நாடகம் தொடங்கிற்று. அகதா கிறிஸ்டி அம்மையாரின் கொலை வழக்கு நாடகம். பிற நாடகங்களுக்கு இல்லாத தனிச்சிறப்பு இதற்கு உண்டாம். தூண்கள் சூழ்ந்த உண்மையான மண்டபத்திலே வழக்கு நடக்கிறது. பெருந்தோல் ஆசனங்களில் காண்போர் அமர்கின்றனர். கூடுதல் விலை கொடுத்தால் ஜூரிகளின் இருக்கையிலேயே அமரலாம். ஆண்டுக்கணக்கில் கூட்டம் குறையாமல் நடந்த நாடகம் அது. நீதிமன்ற நாடகத்திற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா என்று வியந்தோர் பலர்.

நாடகத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எழுதியவரின் திறமைக்கு நம் சான்றிதழ் தேவையில்லை. நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது அரங்கத்தை. அந்த மண்டபம் ஒரு நாளும் நீதிமன்றமாக இருந்ததில்லை. எழுபது இலட்சம், எண்பது இலட்சம் மக்களுக்குப் பள்ளியும் வீடும் பேருந்தும் தீயணைப்பும் எப்படி அமையவேண்டும் என்று, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கூடி வாதிட்ட நகர்மன்றம் அது. அந்த ஆசனங்கள் கவுன்சிலர்களின் ஆசனங்கள். அவர்கள் எழுந்து போகவில்லை, எழுப்பப்பட்டார்கள். அதற்கு முன்பு அந்த மன்றத்தின் கையைக் கட்டிப்போட்டதும் நீதிபதிகளின் தீர்ப்பொன்றுதான். இவ்வளவும் நடந்த இடத்திலே, கற்பனைக் கொலைக்கு வழக்கு நடக்கிறது. உண்மையான மரணம் ஒன்று அதே கூடத்தில் நிகழ்ந்ததைச் சீட்டு வாங்கியவருக்கு யார் சொல்வார்?

சொல்லத்தான் வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

உலகத்தின் பெரும்பகுதியை ஆண்ட தலைநகருக்கு, தன்னைத்தானே ஆளும் ஆட்சி நெடுங்காலம் இருந்ததில்லை. ஒரு சதுர மைல் அளவேயுள்ள பழைய நகருக்கு மட்டும் ‘சிட்டி’ என்ற கார்ப்பரேஷன் இருந்தது. பொன்னாடை, பொற்சங்கிலி, ஆண்டுதோறும் மேயரின் பவனி எல்லாம் அங்கே உண்டு. அந்த எல்லைக்கு வெளியே குடியிருந்த இலட்சக்கணக்கானவர்களுக்கோ, கோயிற்பற்றுச் சபைகளே ஆட்சி. 1855இல் மெட்ரோபாலிடன் வேலைகள் போர்டு என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தின் சாளரங்களையே மூடச் செய்தது. அதன் பிறகுதான் கழிவுநீர்க் கால்வாய்களுக்குப் பணமும் அதிகாரமும் கிடைத்தன. ஏழையின் தெருவில் காலரா வந்தபோது திறவாத கருவூலம், உறுப்பினரின் மூக்கை நாற்றம் எட்டியதும் திறந்தது! பாசல்கெட் என்ற பொறியாளர் அமைத்த கால்வாய்கள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அந்தப் போர்டின் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தலத்துச் சபைகளே அனுப்பிவைத்தன. கேட்பார் இல்லாத இடத்தில் கை நீளும் அல்லவா? நிலப்பேர ஊழல் அம்பலமாகி அந்தப் போர்டின் பெயர் கெட்டது.

1888இல் சட்டம் வந்தது. 1889 ஜனவரியில் முதல் தேர்தல் நடந்தது. 118 கவுன்சிலர்களும் 19 ஆல்டர்மென்களும் கொண்ட இலண்டன் கவுண்டி மன்றம் பிறந்தது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் நகருக்கு அதுதான் முதல் நேரடி மன்றம். அந்தச் சட்டமும் ஒரு வாசலைத் தொடாமல் விட்டது. பொற்சங்கிலிச் ‘சிட்டி’ அப்படியே இருந்தது. பின்னால் 1963இல் ஒரு சட்டம் வந்தது, 1985இல் இன்னொன்று வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களைக் கலைத்துக் கலைத்து எழுதிய அந்தச் சட்டங்களும் அந்தப் பழைய கார்ப்பரேஷனின் ஒரு செங்கல்லையும் அசைக்கவில்லை. வணிக நிறுவனங்களுக்கு வாக்குரிமை உள்ள இடம் அது. பழமை என்ற போர்வை இருந்தால் எதுவும் புனிதம்! மதத்துறையிலே நாம் காணும் அதே மயக்கம், ஆட்சித்துறையிலும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புதிய மன்றத்தைப் புகழ்ந்து தள்ளவும் நாம் தயாராக இல்லை. முதல் தேர்தலிலேயே இரண்டு பெண்கள் வென்றார்கள். ஜேன் காப்டன் ஒருவர், சாண்ட்ஹர்ஸ்ட் சீமாட்டி மற்றொருவர். எம்மா கான்ஸ் என்ற மூன்றாமவரை ஆல்டர்மெனாக மன்றமே தேர்ந்தது. சாண்ட்ஹர்ஸ்ட் சீமாட்டியிடம் தோற்ற ஆடவர் நீதிமன்றம் போனார். வாக்காளர் வேண்டாம் என்றவரை நீதிபதிகள் வேண்டும் என்றார்கள். வென்றவர் வெளியே போனார், தோற்றவர் உள்ளே வந்தார். ஜேன் காப்டனின் பதவியைப் பறிக்க முடியவில்லை. ஆனால் மன்றத்தில் வாக்களித்த குற்றத்திற்காக அவருக்கு அபராதம் விதித்தார்கள். மக்கள் அனுப்பிய உறுப்பினர், மன்றத்தில் அமரலாம், வாக்களிக்கலாகாது! 1907இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 1910இல் சூசன் லாரன்ஸ், ஹென்ரியெட்டா ஆட்லர் இருவரும் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் மற்றொன்றையும் குறிக்காமல் விடமுடியாது. 1904 முதல் இலண்டன் பள்ளிகளெல்லாம் இந்த மன்றத்தின் பொறுப்பு. திருமணம் செய்துகொண்டால் ஆசிரியை வேலையை விட்டுப் போகவேண்டும் என்ற தடையை இம்மன்றம் 1935இல்தான் நீக்கிற்று. முற்போக்கு என்று பெயர் சூட்டிக்கொண்டவர்களும் முதலில் ஆண்கள், பிறகுதான் முற்போக்காளர்கள் என்பது எந்த நாட்டிலும் காணக்கூடிய காட்சிதான்.

எனினும் மன்றம் செய்த பணி சிறிதன்று. டிராம் வண்டிகளைத் தனியாரிடமிருந்து வாங்கி ஓட்டிற்று. கிழக்கு இலண்டனில் ‘ஓல்ட் நிக்கல்’ என்ற கொடிய சேரியை இடித்து, ஒளியும் காற்றும் உள்ள வீடுகளைக் கட்டிற்று. அந்தக் குடியிருப்பு 1900இல் திறக்கப்பட்டது. சேரியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிய வீடுகளுக்கு வாடகை கொடுக்க இயலாமல் பக்கத்துச் சேரிக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் பெக்கன்ட்ரீ என்ற இடத்தில் ஏறத்தாழ 26,000 வீடுகள் எழுந்தன. உலகிலேயே பெரிய பொதுக்குடியிருப்பு என்று அதைச் சொன்னார்கள்.

இவ்வளவு வேலைகளைச் செய்யும் மன்றத்துக்கு இருக்க இடமில்லை. பழைய போர்டு விட்டுப்போன ஸ்பிரிங் கார்டன்ஸ் கட்டடத்திலும், நகரெங்கும் சிதறிய வாடகை வீடுகளிலும் அலுவலர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். புது மாளிகைக்குத் தேர்ந்த இடம் தென்கரை. அக்காலத்தில் அது மதிப்புள்ள கரையன்று. கிடங்கும் தொழிற்சாலையும் படகுத்துறையுமாய்ச் சேறு மண்டிய கரை. அடித்தளம் தோண்டியபோது உரோமானியர் காலத்துக் கப்பல் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது, 1910இல். மாளிகைக்கான போட்டியில் வென்றவர் ரால்ஃப் நாட் என்ற, முப்பதை எட்டாத இளைஞர். 1912இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அடிக்கல் நாட்டினார். போர் வந்து வேலை நின்றது. 1922 ஜூலையில் முழுவதும் முடியாமலே திறப்புவிழா நடந்தது. முதன்மைக் கட்டடம் முடிய 1933 ஆயிற்று. அதைக் காண நாட் உயிரோடு இல்லை, 1929இலேயே இறந்துவிட்டார். இளமை முழுவதையும் ஒரே கட்டடத்தில் கரைத்தவர் அவர்.

கட்டடக் கலை வல்லுநர்கள் இதைப் பற்றி இருவிதமாகப் பேசுவார்கள். காலங்கடந்த ஆடம்பரப் பாணி, இருபதாம் நூற்றாண்டில் பதினேழாம் நூற்றாண்டு வேடம் என்பது ஒரு சாரார் கருத்து. அது ஓரளவு உண்மைதான். தூணும் வளைவும் சிலையும் மன்னர்களுக்குரிய மொழி. ஆனால் அந்த மொழியை இம்மன்றம் எதற்காகப் பேசிற்று என்பதையும் பார்க்கவேண்டும். அக்கரையிலே பாராளுமன்றம். இக்கரையிலே மாநகர் மன்றம். “நாங்களும் மக்களால் வந்தவர்கள்” என்று கல்லாலே சொன்ன சொல் அது. எதிரெதிர்க் கரைகளில் நின்ற இரு மன்றங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன. அந்தப் பார்வைதான் பின்னால் பகையாயிற்று.

1934இல் தொழிற்கட்சி முதன்முறையாக மன்றத்தைக் கைப்பற்றிற்று. தலைவர் ஹெர்பர்ட் மாரிசன், போலீஸ்காரரின் மகன். பழுதுபட்ட வாட்டர்லூ பாலத்தை இடித்துப் புதிதாய்க் கட்டப் பணம் தரமாட்டோம் என்றது அக்கரை. அவர் காத்திருக்கவில்லை. அவ்வாண்டே தாமே முதல் கல்லைப் பெயர்த்தார். புதிய பாலம் எழுந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாளில் பெண் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்துக் கட்டிய பாலம் அது. 1945இல் முறைப்படி அதைத் திறந்துவைத்தவரும் அதே மாரிசன்தான். மருத்துவமனைகளும் ஏழையர் விடுதிகளும் 1930இலேயே மன்றத்தின் கைக்கு வந்திருந்தன. நகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைக்கும் திட்டமும் 1935இல் இங்கிருந்தே தொடங்கிற்று.

அன்று பிடித்த ஆட்சியைத் தொழிற்கட்சி முப்பதாண்டுக்கு மேல் விடவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஆட்சி அவர்கள் கையிலேயே இருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி என்ன செய்தது? வாக்காளரின் மனத்தை மாற்ற முடியாதபோது, வாக்காளரையே மாற்றலாமே! 1963இல் மாக்மில்லன் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கவுண்டி மன்றம் ஒழிந்தது. வசதி படைத்த புறநகர்களையெல்லாம் சேர்த்து எல்லை விரிந்தது. 32 பரோக்களும் அவற்றின்மேல் பேரிலண்டன் மன்றமும் 1965 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தன. நகரம் வளர்ந்துவிட்டது, எல்லையும் வளரவேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த நியாயம் ஏன் அந்த ஆண்டில் நினைவுக்கு வந்தது என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 1964இல் நடந்த புது மன்றத்தின் முதல் தேர்தலிலும் தொழிற்கட்சியே வென்றது! அதன் பிறகு ஆட்சி அங்குமிங்குமாக மாறிற்று. 1974இல் கிரனடா தீவில் பிறந்த டேவிட் பிட் என்ற மருத்துவர் மன்றத் தலைவரானார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் கருப்பின மனிதர் அவரே.

இனி வருவது 1981. மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 50 இடங்கள், எதிர்ப்பக்கம் 41, லிபரலுக்கு ஒன்று. வாக்குக் கேட்டபோது தலைவராய் நின்றவர் ஆண்ட்ரூ மக்கின்டாஷ். மறுநாள் கட்சிக் கூட்டத்திலே அவரைத் தள்ளிவிட்டுத் தலைவரானவர் கென் லிவிங்ஸ்டன். விதிப்படி சரியே. ஆனாலும் வாக்களித்தவர் ஒருவரைப் பார்த்து வாக்களிக்க, வந்தமர்ந்தவர் வேறொருவர் என்ற குறை, அவருடைய எதிரிகளுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம்.

புதிய ஆட்சி தேர்தலில் சொன்னதைச் செய்தது. பேருந்து, நிலத்தடி இரயில் கட்டணங்களை அவ்வாண்டு அக்டோபரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நட்டத்தை ஈடுசெய்யச் சொத்துவரியில் கூடுதல் விதித்தது. பிராம்லி என்ற பரோ வழக்குத் தொடுத்தது. எங்கள் எல்லையில் ஒரு நிலத்தடி இரயில் நிலையம்கூட இல்லை, நாங்கள் ஏன் வரி கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆனால் வழக்கைத் தீர்த்தது அந்த வாதம் மட்டுமன்று, ஒரு சொல். 1969ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், வண்டிகள் ‘எகனாமிக்’ ஆன முறையில் ஓடவேண்டும் என்று கூறியிருந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? சிக்கனமாக என்பதா? வாணிகக் கணக்குப்படி என்பதா? ஒரு நகரத்தின் பொருளாதார வாழ்வுக்கு உகந்தபடி என்று கொள்ளக்கூடாதா? தொழிலாளி நேரத்துக்குப் போய்ச் சேர்வது பொருளாதாரம் இல்லையா? 1981 டிசம்பர் 17ஆம் நாள் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். கணக்கு ஒத்துவரவேண்டும், வரி கொடுப்பவரின் பணத்துக்கு மன்றம் காவலாளி, தேர்தலில் வாக்குறுதி கொடுத்ததனாலேயே கடமை உண்டாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். 1982 மார்ச்சில் கட்டணம் இருமடங்காயிற்று. இலக்கியத்தில் சொல்லாராய்ச்சி செய்வோர் ஒரு சொல்லுக்காக நூறு பக்கம் எழுதுவதை எள்ளி நகையாடுவோருக்கு இதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். ஒரு சொல்லின் பொருள், இலட்சக்கணக்கானவரின் பையிலிருந்து காசை எடுத்தது! மன்றம் சட்டத்தை மீண்டும் படித்து, ஒரே சீட்டில் பேருந்திலும் இரயிலிலும் செல்லும் முறையை 1983இல் கொண்டுவந்து கட்டணத்தை மறுபடி குறைத்தது. அந்த ஒரே சீட்டு முறை, அதைக் கொண்டுவந்த மன்றம் மறைந்த பிறகும் வாழ்ந்தது.

மற்றொன்றும் செய்தார்கள். இலண்டனில் வேலையில்லாதோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மாளிகையின் முகட்டில் பெரிய எழுத்தில் தொங்கவிட்டார்கள். பாலத்தைக் கடந்தாலும், பாராளுமன்றத் தாழ்வாரத்தில் தேநீர் அருந்தினாலும், கண்ணில் படும். எண் மாற மாற எழுத்தும் மாறிற்று. கட்டுரை இல்லை, கவிதை இல்லை, வசைமொழி இல்லை, வெறும் எண். நாம் அறிந்தவரை அந்த மாளிகையில் எழுதப்பட்ட மிகச்சிறந்த இலக்கியம் அதுவே! பெண்களுக்கும் சிறுபான்மை இனத்தாருக்கும் தனிக்குழுக்கள் அமைத்ததைப் பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி செய்யப்பட்டவை பலவும் பின்னாளில் எல்லா மன்றங்களிலும் வழக்கமாயின.

மார்கரெட் தாட்சர் அம்மையாரின் கட்சி 1983ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் பேரிலண்டன் மன்றத்தையும் வேறு ஆறு பெருநகர்க் கவுண்டி மன்றங்களையும் ஒழிப்பதாய்க் கூறிற்று. தேர்தலிலும் வென்றது. ஆதலால் ஒழிக்க உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை நாம் நேராகச் சந்திக்கவேண்டும். நாடு முழுவதும் வாக்களித்து ஒரு நகரத்தின் ஆட்சியை ஒழிக்கலாமா? ஒழிக்கலாம் என்கிறது அந்நாட்டுச் சட்டம். பாராளுமன்றத்துக்கு மேல் அங்கே எழுதிய அரசியல் சட்டம் எதுவும் இல்லை. அதுவே நோய். தலப்பகுதி ஆட்சி என்பது உரிமையாக இல்லாமல் பிச்சையாக இருக்கும்போது, கொடுத்த கை எந்த நாளும் பிடுங்கிக்கொள்ளலாம்.

பிடுங்கிய முறையையும் பாருங்கள். 1985 மே மாதம் மன்றத்துக்குத் தேர்தல் வரவேண்டும். அந்தத் தேர்தல் நடந்தால் அதுவே ஒழிப்பைப் பற்றிய மக்கள் தீர்ப்பாகிவிடும். ஆகவே தேர்தலை நீக்கி, பரோக்கள் நியமிப்பவர்களைக் கொண்டு இடைக்காலத்தை நடத்த 1984இல் ஒரு மசோதா. தேர்தல் இன்றியே கட்சி மாறும் ஆட்சி! அதே கட்சியின் முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத் அதை எதிர்த்துப் பேசினார். பிரபுக்கள் சபை, ஆம், பிறப்பால் பதவி பெற்றவர்கள் நிறைந்த அந்தச் சபை, அதைத் தடுத்தது! மக்கள் தேர்ந்த சபை தேர்தலை நிறுத்த முயல, யாரும் தேர்ந்தெடுக்காத சபை தேர்தலுக்காக வாதாடிய விந்தையை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அதனால் தேர்தல் பிழைத்துவிடவில்லை. இருந்த கவுன்சிலர்களின் காலத்தையே ஓராண்டு நீட்டிவிட்டார்கள். லிவிங்ஸ்டனும் வேறு மூவரும் பதவி விலகி இடைத்தேர்தலில் நின்று மக்களைக் கேட்டார்கள். ஆளுங்கட்சி போட்டியிடவே வரவில்லை. கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மையினர் ஒழிப்பை எதிர்த்தனர். மன்றம் தன் விளம்பரத்துக்கு வரிப்பணத்தைத் தாராளமாய்ச் செலவிட்டதும் உண்மை. அது நமக்கு உவப்பானதன்று. 1985 ஜூலையில் சட்டம் நிறைவேறிற்று. 1986 மார்ச் 31ஆம் நாள் நள்ளிரவில், ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்க, மன்றம் மறைந்தது.

பணிகள் மறையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தீயணைப்பும் குப்பையும் வெள்ளத் தடுப்பும் இருக்கத்தானே வேண்டும்? அவையெல்லாம் பரோக்களுக்கும் கூட்டுக் குழுக்களுக்கும் நியமன வாரியங்களுக்கும் பிரிந்து போயின. பேருந்தும் நிலத்தடி இரயிலும் 1984இலேயே மத்திய அரசின் கைக்குப் போயிருந்தன. மறைந்தது ஒன்றுதான்: நகரம் முழுவதற்குமாக ஒருவரை நிற்க வைத்து, “ஏன் செய்தாய்?” என்று கேட்கும் வாக்காளரின் உரிமை. பள்ளிகளைப் பார்த்துக்கொண்ட கல்வி அமைப்பு மட்டும் அதே மாளிகையில் இன்னும் நான்காண்டு உயிர் வைத்திருந்தது. 1990இல் அதுவும் போயிற்று.

பிறகு மாளிகை விலைக்கு வந்தது. இலண்டன் பொருளாதாரப் பள்ளி அதைக் கேட்டது. அப்பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவரான சிட்னி வெப், 1892 முதல் இம்மன்றத்தில் டெட்ஃபோர்டு உறுப்பினராய் இருந்து நகரின் தொழிற்கல்விக்கு வித்திட்டவர். கல்விச்சாலை ஆகியிருக்கலாம். ஆகவில்லை. 1993இல் ஷிராயாமா என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கு ஏறத்தாழ 6 கோடி பவுனுக்கு விற்றார்கள். 1997இல் அங்கே மீன் காட்சிசாலை வந்தது. ஓட்டல்கள் வந்தன. ஓவியக்கூடம் ஒன்று வந்து போயிற்று. பேய்க்குகை விளையாட்டு வந்தது. கடைசியில் மன்ற மண்டபத்துக்குக் கொலை வழக்கு வந்தது. வாங்கியவரைக் குறை கூறவேண்டியதில்லை. வணிகர் வாணிபம் செய்கிறார். விற்றவர்களின் நோக்கம்தான் ஆராயத்தக்கது. மன்றத்தை ஒழிப்பதற்குச் சட்டம் போதும். அச்சட்டத்தை இன்னொரு சட்டம் மாற்றிவிடும். மாளிகையையும் விற்றுவிட்டால், மீண்டும் வருபவனுக்கு வீடு இராது.

வருபவன் வந்தான். 1998இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 72 விழுக்காட்டினர் நகராட்சி மீண்டும் வேண்டும் என்றனர். வாக்களிக்க வந்தவர் மூன்றில் ஒரு பங்கினரே என்பது வேறு செய்தி. பன்னிரண்டு ஆண்டு மறக்கடித்தால் மறக்கத்தான் செய்வார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நேரடித் தேர்தலில் மேயரானவர், யார்? அதே கென் லிவிங்ஸ்டன், சொந்தக் கட்சியையும் எதிர்த்துச் சுயேச்சையாய் நின்று! அவருக்குப் பழைய மாளிகை கிடைக்கவில்லை. தனியாருக்குச் சொந்தமான நிலத்தில் நார்மன் ஃபாஸ்டர் வடித்த கண்ணாடிக் கட்டடத்தில் 2002இல் வாடகைக்குக் குடியேறிற்று நகராட்சி. 2021 டிசம்பரில், வாடகைச் சுமை தாளாமல், அதையும் காலி செய்தது. கிழக்கே ராயல் டாக்ஸ் பகுதியில் தனக்குச் சொந்தமான சிறிய கட்டடத்துக்குப் போயிற்று. பாராளுமன்றத்துக்கு நேர்கண்ணில் நின்றவர்கள், இன்று பல மைல் கீழே, ஆற்றின் வளைவுக்கு அப்பால். அங்கே முகட்டில் எந்த எண்ணைத் தொங்கவிட்டாலும் அக்கரையிலுள்ளோர் கண்ணில் படாது.

இந்த வரலாற்றோடு நமக்கு உறவில்லை என்று எண்ணவேண்டா. சென்னையின் கார்ப்பரேஷனே இலண்டனிலிருந்து வந்த சாசனத்தால், 1687 டிசம்பர் 30ஆம் நாளிட்டு, அங்குள்ள நகராட்சியைப் பார்த்து வார்க்கப்பட்டதுதான். தன் இனத்தார் விதித்தால் மக்கள் முணுமுணுக்காமல் வரி கொடுப்பார்கள் என்பது கம்பெனியாரின் கணக்கு. அந்தக் கணக்கில் பிறந்த மன்றத்தை மக்களுக்கு உரியதாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையில் தலைவராக அமர்ந்து, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு போட வழி செய்தவர் பிட்டி தியாகராயர்.

அந்த மன்றம் 1973 டிசம்பரில் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் ஊழல் காரணமாகச் சொல்லப்பட்டது. கலைத்தது டில்லி அன்று. திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநில ஆட்சி. ஊழல் செய்தவரைத் தண்டிப்பது வேறு, வாக்களித்தவரைத் தண்டிப்பது வேறு. நான்கு மாதங்கள் கழித்து, 1974 ஏப்ரலில், அதே ஆட்சி சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1976 ஜனவரியில் அந்த ஆட்சியையே டில்லி கலைத்தது. தாட்சர் அம்மையாரைக் கண்டிக்கும் வாயால் இதையும் சொல்லாவிட்டால், நாம் எழுதுவது திறனாய்வு ஆகாது. டில்லியிடம் கேட்கும் உரிமையைத் தெருவுக்குத் தர மறுத்தால், கேட்பது உரிமையா, பங்கா? பின்னர் கோட்டைக்கு வந்த எந்த ஆட்சியும் அவசரப்படவில்லை. 1993இல் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தும் மூன்றாண்டு கழிந்தது. 1996இல்தான் சென்னைக்கு மீண்டும் மன்றம் அமைந்தது. இலண்டன் பதினான்கு ஆண்டு மன்றமின்றி இருந்தது; சென்னை இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல். இலண்டனில் அதற்குத் தனிச்சட்டம் இயற்றவேண்டியிருந்தது, இரண்டாண்டு போராட்டம் நடந்தது. இங்கே தேர்தலைத் தள்ளிவைப்பதே போதுமானதாக இருந்தது.

2016 அக்டோபரில் சென்னை மன்றத்தின் காலம் மறுபடி முடிந்தது. அடுத்த மன்றம் பதவியேற்றது 2022 மார்ச்சில். இடையே 2018இல் சொத்துவரி உயர்த்தப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. உயர்த்திய நாளிலும் நிறுத்திய நாளிலும் ரிப்பன் மாளிகையில் அதிகாரிகள் இருந்தார்கள். கவுன்சிலர் ஒருவரும் இல்லை.